வடசென்னையில் கொழுஞ்சி வளர்க்க: விதை முதல் இரண்டாம் ஆண்டுக் கவாத்து வரை

கொழுஞ்சி யாரும் நடாமலே வளரும் செடி. தண்டவாள ஓரம், காலி மனை, ஏரிக்கரை என்று எங்கும் ஊதாப் பூவோடு நிற்கும். அதனாலேயே விதையை வாங்கித் தூவினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தூவிய விதையில் பெரும்பகுதி முளைப்பதில்லை. முளைத்ததில் பாதி நவம்பர் மழையில் அழுகிவிடுகிறது. அதையும் தாண்டி வந்த செடி மே மாத வெயிலில் இலை உதிர்த்து நிற்கும்போது, செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள்.

இந்த மூன்று இழப்புக்கும் காரணம் ஒன்றே: வேலைகளின் வரிசை மாறிப்போவது. கொழுஞ்சிக்கு விதைப்பதற்கு முன்னால்தான் வேலை அதிகம். விதைத்த பிறகு வேலை குறைவு, குறைவாகவே செய்யவும் வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கத்து மணல், வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கத்துக் களிமண், மொட்டை மாடித் தொட்டி ஆகிய மூன்றையும் மனதில் வைத்தே கீழே உள்ளதை எழுதியிருக்கிறேன்.

1. செடியை அடையாளம் காணுங்கள்

அவரைக் குடும்பத்துக் காட்டுச் செடிகள் பல ஒன்றுபோலத் தெரியும். தவறான செடியின் விதையை எடுத்து ஒரு பருவம் முழுக்கக் காத்திருப்பது வீண். அதனால் முதல் வேலை இதுதான்.

கொழுஞ்சி பொதுவாக முழங்கால் உயரம், நல்ல இடத்தில் இடுப்பளவு வரும். அடித்தண்டு கட்டையாக இருக்கும். ஒரு காம்பில் இருபக்கமும் சிற்றிலைகள் இணை இணையாக வந்து, நுனியில் ஒரே ஒரு சிற்றிலை தனியாக நிற்கும். ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நேராகக் கிழியாமல் அம்புமுனை போல இரண்டு பக்கமும் சாய்ந்து கிழியும். இலை நரம்புகள் சாய்வாக, நெருக்கமாக ஓடுவதால் இப்படி. களத்தில் எனக்கு இதைவிட நம்பிக்கையான சோதனை வேறில்லை.

பூ சிறியது, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். காய் தட்டையாக, 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளத்தில், நுனி சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும்.

அதிகம் குழப்புவது அவுரி. அவுரிப் பூங்கொத்து குட்டையாக இலைக் கக்கத்திலிருந்து வரும். காய் உருண்டு, மெலிந்து, கொத்தாக நிற்கும். கொழுஞ்சியின் பூங்கொத்து நீளமாக, இலைக்கு எதிர்ப்புறத்திலிருந்தும் கிளை நுனியிலிருந்தும் கிளம்பும். தகரையை வைத்துக் குழம்ப வேண்டியதில்லை. அதன் பூ மஞ்சள், சிற்றிலைகள் இரட்டைப்படை.

2. இடத்தை முடிவு செய்யுங்கள்

விதை வாங்கும் முன்பே இடத்தை முடிவு செய்துவிட வேண்டும். கொழுஞ்சியை ஓரிடத்தில் வளர்த்து இன்னோரிடத்தில் பிடுங்கி நடுவது சரிவராது. முளைத்ததுமே ஆணிவேரை நேராகக் கீழே இறக்கும் செடி இது. அந்த வேர் அறுந்தால் மேலே எவ்வளவு நன்றாக இருந்தாலும் செடி தேறாது. நர்சரிப் பையில் நாற்று போட்டுப் பிறகு மாற்றலாம் என்று திட்டமிடாதீர்கள். எங்கே நிற்க வேண்டுமோ, அங்கேயே விதையுங்கள்.

நாள் முழுக்க வெயில் வேண்டும். குறைந்தது ஆறு மணி நேரம். நம் தெருக்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் தரைமட்டத்தில் அவ்வளவு வெயில் கிடைப்பது அரிது; அப்படியிருந்தால் மாடிக்குப் போய்விடுங்கள். நிழலில் கொழுஞ்சி சாகாது, ஆனால் நீண்டு சாய்ந்து பூவே விடாமல் நிற்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம், மீன்தொட்டி. கொளத்தூர்ச் சந்தை பக்கத்திலேயே இருப்பதால் நம் பகுதி மாடிகளில் அல்லித் தொட்டியும் அதில் சின்ன மீன்களும் சாதாரணமாக இருக்கின்றன. கொழுஞ்சியில் மீனை மயக்கிக் கொல்லக்கூடிய பொருள் இருக்கிறது; இதை நசுக்கிக் குட்டையில் போட்டு மீன் பிடிக்கும் பழக்கமே பல ஊர்களில் உண்டு. அதனால் கொழுஞ்சித் தொட்டி மீன்தொட்டிக்கு மேற்புறமாகவோ அருகிலோ இருக்கக் கூடாது. உதிரும் இலையும் கவாத்தில், அதாவது கிளை வெட்டும்போது, விழும் குச்சியும் தண்ணீரில் விழாத தூரத்தில் வையுங்கள்.

இதே காரணத்துக்காக, வேரையோ விதையையோ கஷாயம் போட்டுக் குடித்துப் பார்க்காதீர்கள். சித்த மருத்துவத்தில் இதற்கு இடம் உண்டு. அதை அளவு தெரிந்த மருத்துவரிடம் விட்டுவிடுவோம்.

3. மண்ணைச் சோதியுங்கள்

வடசென்னையில் மண் என்பது பெரும்பாலும் யாரோ கொண்டுவந்து கொட்டியது. காலி மனை என்றால் மேலே ஒரு அடி சவுடு, அதற்குக் கீழே கட்டடக் கழிவு, அதற்கும் கீழேதான் பழைய களிமண்ணோ மணலோ. கடலோரம் என்றால் உப்பும் சேரும். கொழுஞ்சிக்குச் சத்தான மண் தேவையில்லை. சரளையிலும் மணலிலும் வளரும். ஆனால் இரண்டு விஷயங்களைத் தாங்காது: தேங்கும் தண்ணீர், மிகுந்த உப்பு.

தேங்குகிறதா என்று பார்க்க, ஒரு அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். முதல் தடவை காய்ந்த மண் உறிஞ்சிக்கொள்வதால் அந்தக் கணக்கு ஏமாற்றும். இரண்டாவது நிரப்பு சில மணி நேரத்தில் வடிந்துவிட்டால் சரி. மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் தரையில் விதைக்காதீர்கள். மேடு கட்ட வேண்டும்; அது 6ஆம் படியில்.

உப்பைப் பார்க்கச் சுலபமான வழி பச்சைப் பயறு. சோதிக்க வேண்டிய மண்ணை ஒரு சின்னத் தொட்டியில் நிரப்பி, பத்துப் பதினைந்து பயறு போடுங்கள். நீங்கள் வழக்கமாக ஊற்றப்போகும் தண்ணீரையே ஊற்றுங்கள். பத்து நாளில் பெரும்பாலானவை முளைத்து இலை பசுமையாக இருந்தால் அந்த மண்ணும் தண்ணீரும் கொழுஞ்சிக்குப் போதும். முளைப்பே குறைவாக இருந்தாலோ, இலை ஓரம் கருகினாலோ, மண் மேல் வெள்ளை படிந்தாலோ, மண்ணை மாற்றுங்கள் அல்லது தண்ணீரை மாற்றுங்கள். எது குற்றவாளி என்று தெரிய, அதே மண்ணில் இன்னொரு தொட்டிக்கு மழைத் தண்ணீர் ஊற்றி ஒப்பிடுங்கள்.

இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். பத்து நாள் வீண் என்று தோன்றும். ஆனால் கொழுஞ்சி மெதுவாக வளரும் செடி. மண் சரியில்லை என்று அது காட்டும்போது இரண்டு மாதம் போயிருக்கும்.

எண்ணூர் கழிமுகப் பக்கத்து மண்ணைத் தொட்டிக்கு எடுத்து வராதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்கில் படிந்த பகுதி அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் அங்கே பரவியது. கொழுஞ்சி அதிலும் வளரக்கூடும், ஆனால் அந்த மண் வீட்டுக்குள் வரவேண்டாம். கை வைத்துப் பிசைவது நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தான்.

4. முன்கூட்டியே சேகரிக்க வேண்டியவை

தொட்டியில் வளர்ப்பதென்றால் 20 லிட்டர் பெயின்ட் வாளி நன்றாகப் பொருந்தும். ஆழம் ஒன்றேகால் அடிக்குக் குறையக் கூடாது. அகலத்தைவிட ஆழம் முக்கியம், ஏனென்றால் ஆணிவேர். அடியில் விரல் நுழையும் அளவு ஐந்தாறு ஓட்டை போடுங்கள். வாளியின் பக்கவாட்டில் அடியை ஒட்டியும் இரண்டு ஓட்டை வேண்டும். மாடித் தரையோடு அடி ஒட்டிக்கொண்டால் கீழ் ஓட்டைகள் அடைபடும். நனைந்த வாளி ஒன்று 30 கிலோவை நெருங்கும், எனவே பழைய மாடி என்றால் நடுவில் வைக்காமல் சுவர் ஓரமாக, தூணோ உத்தரமோ இருக்கும் வரிசையில் வையுங்கள்.

மண்கலவை: செம்மண் இரண்டு பங்கு, கொரகொரப்பான ஆற்றுமணலோ கழுவிய எம்-சாண்டோ இரண்டு பங்கு, மக்கிய எரு அரைப் பங்கு. எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள கல்தூள் சிமென்ட் போல இறுகிவிடும். தேங்காய் நார்க்கழிவு வேண்டாம். கீரைக்கும் தக்காளிக்கும் அது நல்லது, ஆனால் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் இந்தச் செடிக்குக் கெடுதல்.

கடற்கரை மணல் பக்கத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது என்று காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் மூட்டையில் அள்ளி வருபவர்களைப் பார்க்கிறேன். ஒரு தடவை அலசினால் உப்பு போய்விடும் என்கிறார்கள். போகாது. அதோடு, கடற்கரையிலிருந்து மணல் எடுப்பதே கூடாது.

தண்ணீர் பற்றியும் இப்போதே யோசியுங்கள். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்திருப்பது ஊரறிந்த விஷயம். குழாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர், ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் மூன்றும் நல்லவை. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது. வீணாகப் போகிறதே என்று மனம் கேட்காமல் செடிக்கு ஊற்றுவது இங்கே அதிகம் நடக்கும் தவறு.

5. விதையைச் சேகரியுங்கள்

பசுந்தாள் உரத்துக்காக, அதாவது பச்சையாகவே மண்ணில் மடக்கி உரமாக்குவதற்காக, கொழுஞ்சி விதை விற்பனைக்குக் கிடைக்கும். பொன்னேரிப் பக்கம் நெல் விவசாயிகளுக்கு விதை, உரம் விற்கும் கடைகளிலோ வேளாண் விரிவாக்க மையத்திலோ கேளுங்கள். மொத்தமாகத்தான் கொடுப்பார்கள், நாலைந்து வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம்.

தானாக வளர்ந்த செடியிலிருந்து எடுப்பதென்றால் தை முதல் பங்குனி வரை நல்ல காலம். மழை முடிந்து காய் முற்றிக் காயும் பருவம் அது. காய் பழுப்பாகி, விரலால் தொட்டால் சலசலக்க வேண்டும். பச்சையாகப் பறித்து வீட்டில் காயவைத்த விதை சுருங்கிப்போகும்.

காலையில், பனியீரம் உலரும் முன் பறியுங்கள். நண்பகலில் நெற்றைத் தொட்டால் இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதை சிதறிவிடும். பறித்ததைக் காகிதப் பையில் போட்டு, பையின் வாயைக் கட்டி இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். நெற்று பைக்குள்ளேயே வெடிக்கும், விதை அடியில் சேரும்.

ஒரு செடியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மிச்சம் அந்த இடத்துக்கே விழட்டும். ரயில் பாதைக்குள் இறங்க வேண்டாம்; வேலிக்கு வெளியே தேவைக்கு மேலேயே இருக்கும்.

சுருங்கியதையும் துளை விழுந்ததையும் பொறுக்கி எறிந்துவிட்டு, நன்கு காய்ந்த விதையைக் கண்ணாடிப் பாட்டிலில் மூடி வையுங்கள். தோல் கெட்டியாக இருப்பதால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

6. விதைக்கும் காலத்தைப் பிடியுங்கள்

சென்னையில் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. மழைக்காலம்தானே விதைக்கும் காலம் என்று ஐப்பசியில் விதைப்பவர்கள் ஏராளம். வறண்ட நிலத்துச் செடிக்கு அது தவறான கணக்கு. சின்ன நாற்று, சில அங்குல வேர், மேலே நாள் கணக்கில் மழை. வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும்.

சரியான காலம் ஆடிக் கடைசி முதல் ஆவணி முழுவதும், அதாவது ஆகஸ்ட் தொடங்கிச் செப்டம்பர் நடு வரை. அப்போது மாலையில் இடியோடு மழை வரும், மறுநாள் வெயில் அடிக்கும். முளைக்க ஈரம், வேர் இறங்க உலர்வு, இரண்டும் மாறி மாறிக் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை வரும்போது செடிக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

இதைத் தவறவிட்டால் தை வரை பொறுங்கள். தையில் விதைத்தால் நீங்கள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், பூவும் தாமதமாகும். ஆனால் அழுகல் பயமில்லை.

தரையில், அதுவும் வியாசர்பாடி, கொடுங்கையூர் மாதிரியான களிமண்ணில் விதைப்பவர்கள் ஆடி மாதத்துக்குள் மேடு கட்டிவிட வேண்டும். முக்கால் அடியிலிருந்து ஒரு அடி உயரம், இரண்டடி அகலம். மணலும் இருக்கும் மண்ணும் பாதிப் பாதி. விதைப்பதற்கு முன்பே இரண்டு மூன்று மழையில் அது நனைந்து அமர வேண்டும். புதிதாகக் கட்டிய மேட்டில் உடனே விதைத்தால், மண் அமரும்போது விதை எங்கே போகிறதென்றே தெரியாது.

7. விதைத் தோலின் பூட்டைத் திறக்கவும்

இந்த ஒரு படிக்காகத்தான் வழிகாட்டி எழுதவே வேண்டியிருக்கிறது.

கொழுஞ்சி விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. காட்டில் இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது: ஒரே மழைக்கு எல்லா விதையும் முளைத்துவிட்டால், அடுத்து மழை பொய்த்தால் எல்லாமே போய்விடும். அதனால் கொஞ்சம் இந்த ஆண்டு, கொஞ்சம் அடுத்த ஆண்டு என்று வெயிலும் மணலும் தோலைத் தேய்க்கத் தேய்க்க முளைக்கும். தொட்டியில் அவ்வளவு காத்திருக்க முடியாது. வெறுமனே இரவு ஊறவைத்தாலும் பயனில்லை. மறுநாள் காலையில் பெரும்பாலான விதை போட்டபடியே கல்லாகக் கிடக்கும்.

தோலைத் திறக்க வீட்டில் செய்யக்கூடிய வழிகள் இரண்டு.

முதல் வழி, தேய்த்தல். விதையோடு அதே அளவு கொரகொரப்பான காய்ந்த மணல் சேர்த்து, அம்மியில் போட்டுக் குழவியை அழுத்தாமல் உருட்டுங்கள். அல்லது இரண்டு உப்புத்தாள்களுக்கு நடுவே விதையைப் பரப்பி மெதுவாகத் தேயுங்கள். விதையின் பளபளப்பு மங்கினால் போதும். உள்ளிருக்கும் பருப்பு தெரியும் வரை தேய்த்தால் முளைக்கருவே அடிபட்டுவிடும். தேய்த்தபின் சலித்து, சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவையுங்கள்.

இரண்டாவது வழி, சுடுதண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணையுங்கள். மூடாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். ஏறக்குறைய 80 டிகிரிக்கு இறங்கும். விதையை ஒரு கிண்ணத்தில் போட்டு, அதைப்போல ஐந்து மடங்கு தண்ணீரை அதன் மேல் ஊற்றுங்கள். அப்படியே ஆறி, இரவு முழுக்க ஊறட்டும். விதையை அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிடுவது வேறு விஷயம். அது சுண்டல் வேகவைப்பதற்குச் சமம், எதுவும் முளைக்காது.

விதை கொஞ்சமாக இருந்தால் தேய்ப்பதையே நான் சொல்வேன். கையில் கட்டுப்பாடு இருக்கிறது, கண்ணால் பார்த்து நிறுத்தலாம். அதிகமாக இருந்தால் சுடுதண்ணீர் வசதி. ஆய்வுக்கூடங்களில் கந்தக அமிலத்தில் நனைத்தெடுக்கும் முறையும் உண்டு. வீட்டில் அந்த அமிலத்தைத் தொடவே வேண்டாம்.

காலையில் கிண்ணத்தைப் பாருங்கள். தோல் திறந்த விதை நன்றாக உப்பியிருக்கும். உப்பாதவை சின்னதாக, கெட்டியாக, பழைய நிறத்திலேயே இருக்கும். உப்பியவற்றைத் தனியே எடுங்கள், அவை மட்டுமே இன்றைக்கு மண்ணுக்குப் போக வேண்டும். உப்பாதவற்றைக் காயவைத்து மறுபடி தேயுங்கள். இரண்டையும் சேர்த்து விதைத்துவிட்டு, முளைக்காத குழிகளைப் பார்த்து விதை சரியில்லை என்று முடிவுகட்டுவது வழக்கமான தவறு.

முதலில் மொத்த விதையையும் இப்படிச் செய்துவிடாதீர்கள். இருபது விதையில் செய்துபார்த்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, முளை வருகிறதா என்று நாலைந்து நாள் பாருங்கள். உங்கள் மணல், உங்கள் கை அழுத்தம், உங்கள் பாத்திரத்தின் சூடு எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

8. ரைசோபியம் சேருங்கள்

கொழுஞ்சி காற்றிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை, ஆனால் தனியாக அல்ல. வேர்முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா வேண்டும். காட்டுச் செடியின் அடிமண்ணில் அது ஏற்கெனவே இருக்கும். கடையில் வாங்கிய செம்மண்ணிலும் கழுவிய எம்-சாண்டிலும் இருக்கும் என்று நம்ப முடியாது.

வேளாண் விரிவாக்க மையத்தில் தட்டைப்பயறு வகைக்கான ரைசோபியம் கேட்டு வாங்குங்கள். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, உப்பிய விதையின் மேல் மெல்லப் பூசி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி அன்றே விதையுங்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால், நன்றாக வளர்ந்த கொழுஞ்சியின் அடியிலிருந்து இரண்டு கைப்பிடி மண் எடுத்து விதைக்குழிகளில் தூவுங்கள். அதுவே போதும்.

வரிசை முக்கியம். சுடுதண்ணீர் முதலில், ரைசோபியம் பிறகு. மாற்றிச் செய்தால் பாக்டீரியா வெந்துபோகும். வெயிலில் உலர்த்தினாலும் அதே கதிதான்.

9. விதையுங்கள்

மண்ணை முந்தைய நாள் மாலை நனைத்து வையுங்கள். விதைத்த பிறகு குடம் குடமாக ஊற்றினால் விதை மிதந்து ஓரத்துக்குப் போய்விடும்.

ஒரு சென்டிமீட்டர் ஆழக் குழி, குழிக்கு மூன்று விதை. மேலே மணலால் மூடுங்கள். களிமண்ணால் மூடினால் காய்ந்து ஓடு கட்டும், முளை அதை முட்டித் திறக்க முடியாது. தரையில் ஒன்றரை அடிக்கு ஒரு குழி. வாளிக்கு நடுவில் ஒரு குழி போதும். பசுந்தாள் உரத்துக்காக என்றால் இடைவெளி பார்க்காமல் நெருக்கமாகத் தூவலாம், ஆனால் அப்போது இது பூச்செடி இல்லை, பூ எடுக்கும் பருவத்தில் மடக்கிவிட வேண்டிய பயிர்.

புறாவும் அணிலும் விதையைக் கிளறும். பத்து நாளைக்குப் பழைய வலைத்துணியோ முள்குச்சியோ மேலே போடுங்கள். தரையில் என்றால் ஆடு மிதிக்காமல் இருக்கவும் அது உதவும். நம் தெருக்களில் ஆடு எங்கேயும் வரும்.

தோல் திறந்த விதை ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். முதலில் வரும் இலைகள் வளர்ந்த செடியின் இலை போல இருக்காது. களை என்று பிடுங்கிவிடாமல் இருக்க, குழியருகே ஒரு குச்சி நட்டுவையுங்கள்.

மூன்றும் முளைத்தால் விரல் உயரத்தில் நல்லதொன்றை விட்டு மற்ற இரண்டையும் கத்தரியால் மண்மட்டத்தில் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் சேர்ந்து அசையும்.

10. முதல் இரண்டு மாதம் பொறுத்திருங்கள்

முளைத்தபின் ஒரு மாதத்துக்கு, மண்ணுக்கு மேலே ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். நாலு இலை, ஐந்து இலை, அவ்வளவுதான். செடி கீழே வேலை செய்கிறது. இந்த மாதத்தில்தான் மனிதர்கள் பொறுமை இழந்து தண்ணீரைக் கூட்டுகிறார்கள், யூரியா போடுகிறார்கள், மீன் அமிலம் தெளிக்கிறார்கள். எதுவும் வேண்டாம். மண்ணில் நைட்ரஜன் தாராளமாக இருந்தால் செடி வேர்முடிச்சு வைக்கும் வேலையைக் குறைத்துக்கொள்ளும்.

தண்ணீர் எப்போது ஊற்றுவது என்பதை நாள் கணக்கில் சொல்ல மாட்டேன். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமிருந்தால் விடுங்கள். ஊற்றும்போது வாளியின் அடி ஓட்டையில் தண்ணீர் வரும்வரை ஊற்றுங்கள். தினமும் ஒரு டம்ளர் தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும், வேர் கீழே போகக் காரணமே இருக்காது. ஆழமாக நனைத்துப் பிறகு காயவிட்டால் ஈரத்தைத் தேடி வேர் இறங்கும்.

இரண்டாம் மாதக் கடைசியில், வெட்டாமல் விட்ட கூடுதல் செடி இருந்தால், ஒன்றை மட்டும் தோண்டி வேரைப் பாருங்கள். சின்ன உருண்டை முடிச்சுகள் இருக்க வேண்டும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால், அல்லது முடிச்சே இல்லையென்றால், மற்றச் செடிகளின் அடியில் கொழுஞ்சி நின்ற மண்ணைக் கொஞ்சம் கலந்துவிடுங்கள்.

11. பருவமழையைக் கடத்துங்கள்

ஐப்பசி பிறக்கும் முன் மூன்று வேலை. வாளியைச் செங்கல் மேல் ஏற்றி அடியில் காற்றோட்டம் விடுங்கள். ஓட்டைகளில் குச்சி விட்டு அடைப்பை எடுங்கள். மண்மேல் மூடாக்காகப் போட்ட காய்ந்த இலையை அள்ளிவிடுங்கள். வெயில் காலத்தில் காப்பாற்றிய மூடாக்கு, மழைக்காலத்தில் தண்டை அழுகவைக்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால் வாளிகளை ஒன்றோடொன்று ஒட்டி, காற்று வராத சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். தரையில் என்றால் மேட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தெருவை நோக்கி வழி விடுங்கள். ஒரு நாள் தண்ணீர் நின்றால் வளர்ந்த செடி தாங்கும். தொடர்ந்து பல நாள் நின்றால் தாங்காது.

கார்த்திகையில் இலை மஞ்சளானால் சத்துக் குறைவு என்று உரம் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஓட்டையைப் பாருங்கள்.

12. பூக்கும் காலம்

ஆவணியில் விதைத்த செடி மார்கழி வாக்கில் பூக்கத் தொடங்கும். பூத்தால் தேனீக்களும் சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகளும் வரும். அந்த வண்ணத்துப்பூச்சிகளில் சில அவரைக் குடும்பச் செடிகளின் மொட்டுகளில் முட்டையிடுபவை. மொட்டில் பச்சைப் புழுவைக் கண்டால் விட்டுவிடுங்கள். கொஞ்சம் மொட்டு போகும், செடிக்கு ஒன்றும் ஆகாது.

மாடியில் உண்மையான தொல்லை மாவுப்பூச்சிதான். எறும்பு வரிசையாக ஏறினாலே கிளைக் கக்கங்களைப் பாருங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினாலே பெரும்பகுதி போய்விடும். மீண்டும் வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுக் காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் அடியுங்கள். பகலில் அடித்தால் வெயிலில் இலை கருகும், தேனீயும் பாதிக்கப்படும்.

13. கோடை, கவாத்து, இரண்டாம் ஆண்டு

கொழுஞ்சி பல ஆண்டு வாழும். ஆனால் ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். காய் முற்றியபின் சித்திரை வெயிலில் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். அது தண்ணீர்ச் செலவைக் குறைத்துக்கொள்ளும் வழி. இறந்ததா என்று சந்தேகம் வந்தால் அடித்தண்டை நகத்தால் லேசாகக் கீறுங்கள். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

அக்னி நட்சத்திர நாட்களில் வாளிச் செடிக்கு வாரம் இரண்டு முறை, காலையில், ஆழமாகத் தண்ணீர் போதும். தரைச் செடிக்கு அதுவும் தேவைப்படாது. பிளாஸ்டிக் வாளி வெயிலில் சூடாகி வேரை வேகவைக்கும், எனவே வெயில் படும் பக்கத்தில், முக்கியமாக மேற்குப் பார்த்த பக்கத்தில், பழைய சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள்.

கவாத்து ஆடியில், முதல் நல்ல மழைக்குப் பிறகு. மண்ணிலிருந்து அரை அடி விட்டு மேலே வெட்டுங்கள். சித்திரையிலேயே வெட்டிவிட்டால், வரும் துளிர் வெயிலில் கருகி, வேரில் சேர்த்த சத்தும் வீணாகும். மழை ஈரத்தில் வெட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் அடியிலிருந்து பல துளிர் வரும். இரண்டாம் ஆண்டுச் செடி முதல் ஆண்டைவிட அகலமாகக் கிளைத்து, அதிகமாகப் பூக்கும்.

வெட்டிய பச்சைக் கிளையை நறுக்கிக் கத்தரி, வெண்டைத் தொட்டிகளில் மூடாக்காகப் போடலாம். கட்டையான குச்சி மக்க நாளாகும், அதைத் தனியே எடுத்துவிடுங்கள். கவாத்தின்போது உதிர்ந்த நெற்றுகளில் விதை இருந்தால் பொறுக்கி, 5ஆம் படியில் சொன்னபடி பாட்டிலில் போட்டு, மேலே ஆண்டையும் எடுத்த தெருவையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த ஆவணிக்கு வேறு யாராவது கேட்பார்கள். கொடுக்கும்போது தோலைத் தேய்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.